கைநாட்டுக்கு முன் அம்மாவுக்குத் தெரிய வேண்டியவை

கேள்வி: என் அம்மாவுக்கு 56 வயது. பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் இன்னும் கொழுந்து பறிக்கிறார். சிறு வயதிலிருந்தே வெற்றிலை போடும் பழக்கம். இப்போது உறைப்புச் சாப்பிட்டால் வாய் எரிகிறது, வாயை முழுதாகத் திறக்க முடியவில்லை, கன்னத்தின் உட்புறம் வெளிறிப்போயிருக்கிறது. பெரிய வைத்தியசாலை ஒன்றுக்கு அனுப்பினார்கள். கன்னத்திலிருந்து சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று சொல்லி, கூடவே இரண்டு தாள்களையும் தந்தார்கள். ஒன்று, அந்தத் துண்டில் மிஞ்சுவதை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளச் சம்மதம். மற்றது, தக்காளியிலிருந்து எடுத்த சத்து அடங்கிய குளிசையை மூன்று மாதம் கொடுத்துப் பார்க்கும் ஆய்வில் சேரச் சம்மதம். பாதிப் பேருக்கு மருந்தில்லாத குளிசைதான் கிடைக்குமாம். தாள்கள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தன. அவசரத்தில் சொன்னது பாதி விளங்கவில்லை. அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது, கைநாட்டுத்தான். “நம்மைச் சோதனை எலி ஆக்கப் பார்க்கிறார்கள், கத்தி பட்டால் புற்றுநோய் பரவும்” என்று பெரியப்பா தடுக்கிறார். அம்மாவுக்குப் பதிலாக நான் கையொப்பம் போடலாமா? நானும் வெற்றிலை போடுகிறேன். எனக்கும் இது வருமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

துண்டு எடுப்பது, மிஞ்சியதை வைத்துக்கொள்வது, குளிசை ஆய்வு ஆகிய மூன்றையும் ஒரே நாளில் ஒரே மேசையில் உங்கள் முன் வைத்துவிட்டார்கள். அதனால் மூன்றும் ஒன்று போலத் தெரிகின்றன. ஒன்றுக்கு ‘இல்லை’ என்றால் எல்லாமே போய்விடும் என்ற பயமும் அதிலிருந்துதான் வருகிறது. உண்மையில் முதலாவது மட்டுமே அம்மாவின் சிகிச்சை. மற்ற இரண்டும் ஆராய்ச்சி. ஆராய்ச்சிக்குச் சம்மதிக்காதவருக்குச் சிகிச்சையை மறுக்கவோ தாமதப்படுத்தவோ யாருக்கும் உரிமையில்லை. அரசாங்க வைத்தியசாலையின் இலவச சிகிச்சை அம்மாவுக்கு உரியது. அதற்கு விலையாக எந்தத் தாளிலும் கைநாட்டு வைக்க வேண்டியதில்லை.

துண்டு எடுப்பதைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அது காத்திருக்கக் கூடாது. நீங்கள் எழுதியிருக்கும் எரிச்சல், வெளிறல், வாய் இறுகுதல் மூன்றும் பாக்கு மெல்லுபவர்களுக்கு வரும் ஒரு நோயின் அடையாளங்கள். கன்னத்தின் உள்தோலுக்குக் கீழே நார் படிந்து இறுகிப்போகும் நோய் அது. கடிதத்தை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது, தீர்மானிக்கவும் கூடாது. ஆனால் இந்த நோய் உள்ள வாயில் பின்னர் புற்றுநோய் உண்டாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். நம் நாட்டு ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படுவது வாயையும் தொண்டையையும் சேர்ந்த புற்றுநோய்தான். பெண்களில் அது அவ்வளவு முன்னால் இல்லை என்றாலும், மலையில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே வெற்றிலை போடுகிறார்கள்.

எடுக்கும் துண்டு மிகச் சிறியது. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து எடுப்பார்கள். அதைப் பதப்படுத்தி, மெழுகுக் கட்டியில் பதித்து, மில்லிமீற்றரின் இருநூறில் ஒரு பங்கு அளவு மெல்லிய சீவலாக வெட்டி, சாயமூட்டி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்ப்போம். கலங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றனவா, வடிவம் மாறத் தொடங்கிவிட்டனவா என்பது அப்போதுதான் தெரியும். வெளியிலிருந்து எவ்வளவு அனுபவமுள்ள வைத்தியர் பார்த்தாலும் இதைச் சொல்ல முடியாது. கத்தி பட்டதால் வாய்ப்புற்று பரவுகிறது என்பது சரியல்ல. அப்படி ஒரு நம்பிக்கை ஏன் வந்தது என்பது விளங்கக்கூடியதுதான். வலி தாங்க முடியாமல் கடைசிக் கட்டத்தில் போனவர்களுக்குத் துண்டு எடுத்தார்கள். அவர்கள் சில மாதங்களில் இறந்துபோனார்கள். பார்த்தவர்கள் கத்தியைக் குற்றம் சொன்னார்கள். கொன்றது கத்தியல்ல, தாமதம். பெரியப்பாவிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். மற்ற விஷயங்களில் அவர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது, இதில் இல்லை.

இரண்டாவது, மிஞ்சும் துண்டு. நோயறிதல் முடிந்த பிறகும் அந்த மெழுகுக் கட்டி அழிவதில்லை, பல வருடங்கள் இருக்கும். எங்களைப் போன்றவர்களின் ஆராய்ச்சி பெரும்பாலும் இப்படிப்பட்ட கட்டிகளிலிருந்தே தொடங்குகிறது. அம்மாவின் கன்னம் ஏன் இறுகியது என்பதற்கு இன்று ஓரளவு விடை இருக்கிறதென்றால், யாரோ முன்பின் தெரியாத நோயாளிகள் தங்கள் இழையத்தைக் கொடுத்ததால்தான். அவர்களின் வாயிலிருந்து எடுத்த கலங்களை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்த்தபோது, பாக்கிலுள்ள அரிக்கோலின் என்ற பொருள் நார் உண்டாக்கும் கலங்களைத் தூண்டுவது தெரிந்தது. பாக்கில் செப்பு அதிகம் இருப்பதும், அந்தச் செப்பு ஒரு நொதியத்தை ஊக்கி நார்களை ஒன்றோடொன்று இறுகப் பிணைப்பதும் தெரிந்தது. ஒருமுறை அப்படிப் பிணைந்த நாரை உடல் எளிதில் கரைப்பதில்லை. வெற்றிலையை விட்ட பிறகும் வாய் பழையபடி திறக்காமல் இருப்பது இதனால்தான். பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் உறுதியாகச் சொன்னது. புகையிலை சேர்க்காமல் வெறும் பாக்கு மட்டும் போட்டால் பரவாயில்லை என்ற பேச்சு அத்தோடு முடிந்திருக்க வேண்டும். நம் கடைகளில் இன்னும் முடியவில்லை.

ஆகவே மிச்சத் துண்டைக் கொடுப்பதால் அம்மாவின் உடலுக்கு எந்தக் கேடும் வராது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஆராய்ச்சிக்காக வழக்கத்தைவிடப் பெரிய துண்டு எடுக்கப்படக் கூடாது, எடுப்பதானால் அதைத் தனியாகச் சொல்லிக் கேட்க வேண்டும். துண்டின் மேல் அம்மாவின் பெயர் இருக்குமா, இலக்கம் மட்டும் இருக்குமா, பரம்பரையலகுகளைப் படிப்பார்களா, வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா, பின்னர் மனம் மாறினால் திரும்பப் பெறலாமா என்பவை கேட்கத் தகுந்த கேள்விகள். ஒழுங்காக நடக்கும் ஆய்வின் தாளில் இவற்றுக்கு விடை ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும்.

இனி பெரியப்பாவின் கோபத்துக்கு வருகிறேன். அதை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தோட்ட மக்களை ஆராய்ச்சிக்கு வசதியான கூட்டமாகப் பார்த்த காலம் இருந்தது. 1916 அளவில் ரொக்பெல்லர் நிதியத்தின் கொக்கிப்புழு ஒழிப்புத் திட்டம் இலங்கையில் தோட்டங்களில்தான் தொடங்கியது. நோக்கம் நல்லது, புழுவால் இரத்தம் குன்றிய ஆயிரக்கணக்கானோருக்கு மருந்து கிடைத்தது. ஆனால் அது தோட்ட நிர்வாகங்கள் ஊடாக வந்தது. துரை சொன்னால் மறுக்கும் நிலையில் எந்தத் தொழிலாளியும் இருக்கவில்லை.

இன்னொன்று பல் வைத்தியம் படிக்கும் ஒவ்வொருவரும் உலகெங்கும் அறிந்தது. நோர்வே நாட்டு ஆய்வாளர் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் 1970இல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்கள் இரண்டில் 480 ஆண் தொழிலாளர்களின் ஈறுகளைப் பரிசோதித்துப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். வயது 14 முதல் ஏறத்தாழ 30 வரை. பல் துலக்கும் பழக்கமோ பல் வைத்தியமோ கிட்டாதவர்கள் என்பதே அவர்களைத் தேர்ந்தெடுத்த காரணம்: சிகிச்சையே இல்லாவிட்டால் ஈறு நோய் எப்படி வளரும் என்று பார்க்க வேண்டும். 15 வருடத்தில் கிடைத்த விடை பெரியது. ஏறத்தாழ 8 வீதமானோருக்கு நோய் மிக விரைவாக முற்றிப் பற்கள் உதிர்ந்தன, 81 வீதமானோருக்கு மெதுவாக முற்றியது, 11 வீதமானோருக்கு ஈறு வீங்கியிருந்தும் அதற்கு மேல் போகவில்லை. அழுக்குப் படிந்தால் எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பல் போகும் என்ற எண்ணம் இதனால் மாறியது. 2010இலும் அவர்களில் 75 பேரைத் தேடிப்பிடித்துப் பார்த்தார்கள். ஒப்பிட எடுத்துக்கொண்ட மற்றக் குழு, நல்ல பல் வைத்திய வசதியோடு வளர்ந்த ஒஸ்லோ நகரத்து மாணவர்களும் படித்தவர்களும்.

அந்த ஆய்வின் அறிவியல் பெறுமதியை நான் மதிக்கிறேன். மாணவர்களுக்கும் கற்பிக்கிறேன். ஆனால் கற்பிக்கும்போதெல்லாம் அந்த 8 வீதத்தினரை நினைத்துக்கொள்கிறேன். நாற்பத்தைந்து வயதில் வாயில் ஒரு பல்லும் மிஞ்சாமல் போனவர்கள் அவர்கள். இன்று யாராவது அதே திட்டத்தோடு, ஆய்வுகளுக்கு அனுமதி கொடுக்கும் நெறிமுறைக் குழுவின் முன் வந்தால், முதல் கேள்வியே ‘நோய் முற்றுவதைக் காணும்போது அவருக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்பதாக இருக்கும். அதற்கு எழுத்தில் பதில் இல்லாமல் அனுமதி கிடைக்காது.

இப்போது நம் மருத்துவ பீடங்களில் நெறிமுறை மீளாய்வுக் குழுக்கள் இருக்கின்றன. மருந்தைப் பரிசோதிக்கும் ஆய்வானால் பொதுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். இலங்கைக்கென்று அத்தகைய பதிவேடு 2006 முதல் இருக்கிறது, யாரும் இணையத்தில் பார்க்கலாம். அம்மாவிடம் கொடுத்த தாளில் நெறிமுறைக் குழுவின் பெயரும் தொடர்பு இலக்கமும் ஆய்வின் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தத் தாளை மேசையிலேயே விட்டுவிட்டு வரலாம்.

மூன்றாவதான குளிசைதான் சிக்கலானது. தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் லைகோபீன் என்ற பொருள் இந்த நோய்க்கு உதவுமா என்பது பல இடங்களில் ஆராயப்பட்டிருக்கிறது. இந்தியாவில் நடந்த சில சிறிய ஆய்வுகளில், அதைச் சாப்பிட்டவர்களின் வாய் சில மில்லிமீற்றர் அதிகம் திறந்ததாக எழுதியிருக்கிறார்கள். சில மில்லிமீற்றர் என்பது அற்பமல்ல. சோற்று உருண்டை உள்ளே போகிறதா இல்லையா என்பதை அதுவே தீர்மானிக்கும். ஆனால் சிறிய ஆய்வுகள் எளிதில் ஏமாற்றும். அதனால்தான் பெரிதாகச் செய்து பார்க்க வேண்டியிருக்கிறது.

‘தக்காளிச் சத்துத்தானே, நல்லதுதானே’ என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். கரட்டுக்கு நிறம் தரும் பீற்றா கரோட்டின் லைகோபீனின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். காய்கறி நிறையச் சாப்பிடுபவர்களுக்கும் இரத்தத்தில் அது அதிகமுள்ளவர்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருந்தது. ஆய்வுகூடத்திலும் அது கலங்களைக் காப்பது போலவே தெரிந்தது. பின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்பாளர்களைச் சேர்த்துச் சிலருக்கு அதைக் கொடுத்தார்கள், சிலருக்கு மருந்தில்லாத குளிசை கொடுத்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது, பீற்றா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கே நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் அதிகம். அமெரிக்காவில் அதேபோல 18 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்து நடந்த ஆய்வை, கேடு தெரிந்ததால் 1996இல் இடையிலேயே நிறுத்தினார்கள். அம்மா புகையிலை சேர்த்து வெற்றிலை போடுபவரானால், இந்தச் செய்தி ஆய்வு வைத்தியருக்குத் தெரியுமா என்பதையும், புகையிலைப் பழக்கமுள்ளவர்களுக்கு இந்தக் குளிசையில் என்ன கவனம் எடுக்கிறார்கள் என்பதையும் நேரடியாகக் கேளுங்கள். நான் அந்த ஆய்வை நடத்துபவராக இருந்தால், இந்தக் கேள்வியைக் கேட்கும் நோயாளியை மிகவும் மதிப்பேன்.

மருந்தில்லாத குளிசை ஏன் என்ற சந்தேகமும் இங்கேதான் தீர்கிறது. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் புது உரத்தைச் சோதிப்பதானால், ஒரே மலையில் சில நிரைக்கு இட்டு, பக்கத்து நிரைகளை இடாமல் விட்டுத்தான் பார்ப்பார்கள். இல்லாவிட்டால் கொழுந்து கூடியது உரத்தாலா மழையாலா என்று சொல்ல முடியாது. மனிதரில் இன்னும் கடினம். குளிசை சாப்பிடுகிறோம் என்ற நம்பிக்கையே எரிச்சலைக் குறைக்கும். ஆய்வில் சேர்ந்த பிறகு பலர் வெற்றிலையைக் குறைப்பார்கள், வாய்ப் பயிற்சியைத் தவறாமல் செய்வார்கள். யாருக்கு எது கிடைத்தது என்று அம்மாவுக்கும் தெரியாமல் வைத்தியருக்கும் தெரியாமல், குலுக்கல் போட்டது போலப் பிரித்தால்தான் குளிசையின் வேலை எது என்று தனியாகத் தெரியும். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மருந்தில்லாத குளிசை பெறுபவருக்கும் இன்று வழக்கத்திலுள்ள சிகிச்சை முழுவதும் கிடைக்க வேண்டும். வாய் திறக்கும் பயிற்சி, தேவையானால் ஊசி மருந்து, ஒழுங்கான கண்காணிப்பு ஆகியவை இரு பகுதியினருக்கும் ஒன்று போல இருக்க வேண்டும். குளிசை ஆய்வுக்காக அம்மாவுக்குக் கிடைக்க வேண்டிய வேறு சிகிச்சை நிறுத்தப்படுமானால், சேர வேண்டாம்.

இப்படிச் சோதிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. நஞ்சு குடித்தவர்களுக்குக் கரித்தூளைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் பிழைப்பார்கள் என்று நம்பினார்கள். முதலில் நடந்த ஓர் ஆய்வு, அலரி விதை சாப்பிட்டவர்களில் பலன் இருப்பதாகவே காட்டியது. பின்னர் இலங்கை வைத்தியசாலைகளில் 4,600க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2008இல் வெளிவந்தது. கரித்தூள் கொடுத்தவர்களும் கொடுக்காதவர்களும் இறந்த வீதத்தில் வேறுபாடு இல்லை. உலகம் முழுவதும் நஞ்சு சிகிச்சை செய்பவர்கள் இன்று அதைப் படித்துத்தான் முடிவெடுக்கிறார்கள்.

இப்போது உங்கள் நேரடிக் கேள்வி. அம்மாவுக்குப் பதில் நீங்கள் கையொப்பம் போட முடியாது. எழுத வாசிக்கத் தெரியாமை வேறு, முடிவெடுக்க இயலாமை வேறு. நாற்பது வருடம் மலையேறிக் கொழுந்து பறித்துப் பிள்ளைகளை வளர்த்தவருக்குத் தன் வாயைப் பற்றி முடிவெடுக்கத் தெரியும். வாசிக்க முடியாதவர் ஆய்வில் சேரும்போது, தாள் முழுவதையும் அவருக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். ஆய்வுக் குழுவைச் சேராத ஒருவர் சாட்சியாக முழு நேரமும் கூட இருக்க வேண்டும். அதன் பிறகே கைநாட்டு, அதன் கீழே சாட்சியின் கையொப்பம். அந்தச் சாட்சி நீங்களாக இருக்கலாம். உங்கள் வேலை அம்மாவுக்காக முடிவு செய்வதல்ல. அவருக்குச் சொல்லப்படுவது முழுதாகவும் சரியாகவும் சொல்லப்படுகிறதா என்று பார்ப்பது.

தமிழில் அச்சிட்ட தாளைக் கேளுங்கள். கெஞ்ச வேண்டியதில்லை. தமிழ் இந்த நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று, தமிழ் நோயாளிகளைச் சேர்க்க விரும்பும் ஆய்வில் தமிழ்த் தாள் இல்லாதது அவர்களின் குறை. வார்ட்டில் வேலை செய்யும் ஒருவரை நிறுத்தி நாலு வரியில் சொல்லவைப்பது போதாது. ‘தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பேசிவிட்டு அடுத்த கிளினிக் நாளில் சொல்கிறோம்’ என்று சொல்லுங்கள். இன்றே வைக்க வேண்டும் என்று வற்புறுத்தினால் அதுவே உங்களுக்கு விடை.

செலவைக் கேட்க வெட்கப்படாதீர்கள். ஆய்வுக்காக மேலதிகமாக எத்தனை முறை வர வேண்டும்? ஒவ்வொரு வருகைக்கும் அம்மாவுக்கு ஒரு நாள் பெயர், அதாவது அன்றைய சம்பளம், போகும், பஸ் காசு போகும், கூட வரும் உங்களுக்கும் அப்படியே. அதை ஈடுசெய்வது இலஞ்சமல்ல, நியாயமான வழக்கம். குளிசையால் ஏதாவது கோளாறு வந்தால் சிகிச்சைச் செலவை யார் ஏற்பார்கள், இரவில் யாரைக் கூப்பிடுவது, மூன்று மாதம் முடிந்த பிறகு அம்மாவை யார் தொடர்ந்து பார்ப்பார்கள், குளிசை பலன் தருவதாகத் தெரிந்தால் அது அவருக்குக் கிடைக்குமா என்பவற்றையும் கேளுங்கள். இன்னொன்று: அம்மாவின் நோய் விபரம் தோட்ட நிர்வாகத்துக்கோ தோட்டத் தலைவருக்கோ போகக் கூடாது. ஆய்வில் அவர் இருக்கிறார் என்பதே அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. சேர்ந்த பிறகும் எந்த நாளிலும், காரணம் சொல்லாமலே விலகலாம்.

என் கருத்தைக் கேட்டால், இந்தக் கேள்விகளுக்குத் தெளிவான பதில் கிடைத்து, அம்மாவும் விரும்பினால், அவர் சேர்வதை நான் வரவேற்பேன். இந்த நோயை அதிகம் சுமப்பவர்களில் நம் தோட்டத்து மக்களும் இருக்கிறார்கள். அவர்களைச் சேர்க்காமல் நகரத்தில் மட்டும் சோதித்த மருந்து, சத்துக் குறைந்த உடலில், முப்பது வருடம் பாக்கு மென்ற வாயில் எப்படி வேலை செய்யும் என்று எங்களால் சொல்ல முடியாது. ஆனால் அம்மா களைத்திருந்தால், அலைய முடியாதென்றால், மறுப்பதற்குக் காரணம் தேட வேண்டாம். ‘நான் சேரவில்லை டொக்டர், என் சிகிச்சையைத் தொடருங்கள்’ என்று அவரே சொல்லட்டும்.

ஆய்வில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் பாக்கை இன்றே நிறுத்த வேண்டும். அதைவிடப் பெரிய மருந்து இந்த நோய்க்கு இதுவரை இல்லை. இறுகிய நார் திரும்பத் தளராவிட்டாலும், மேலும் இறுகுவதும் புற்றுநோய் அபாயமும் குறையும். மலையில் இடைவேளையில் எல்லோரும் சுருக்குப் பையைத் திறக்கும்போது ஒருவர் மட்டும் சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். கூடப் பறிக்கும் ஒருவரையாவது அம்மாவோடு சேர்ந்து விடச் சொல்லுங்கள்.

உங்களுக்கும் வருமா என்று கேட்டிருந்தீர்கள். வரலாம். அது பரம்பரையாக வருவதல்ல, பையிலிருந்து வருவது. வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று கன்னங்களின் உட்புறத்தையும் நாக்கின் இரு பக்கங்களையும் அடியையும் பாருங்கள். உங்கள் மூன்று விரல்களை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் வைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டாலோ, வெள்ளை அல்லது சிவப்புப் படலம் தெரிந்தாலோ, இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தாலோ, அம்மாவின் அடுத்த கிளினிக் நாளில் நீங்களும் ஒரு சீட்டு எடுத்துப் பெயரைப் பதிந்துகொண்டு அவர் பக்கத்தில் வரிசையில் உட்காருங்கள்.